"விடியறதுக்குள்ள வந்துர்றேன் ஆத்தா"

கேள்வி: ஐயா, எங்களுக்கு ஊர் காரைக்குடி பக்கம் பள்ளத்தூர். மகன் சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறான். மாதம் ஒரு தடவையாவது வந்துவிடுவான். வெள்ளிக்கிழமை ஆபீஸ் முடித்து, சாப்பிட்டு, ராத்திரி 10 மணிக்குக் காரை எடுத்தால் காலை 5 மணிக்கு வாசலில் நிற்பான். போன மாதம் கீரனூர் தாண்டி ஒரு நொடி கண் அசந்து, ரோட்டோரத் தடுப்புக் கம்பியில் காரை உரசிவிட்டான். பக்கக் கண்ணாடி போனதோடு சரி. "டீ குடிக்காம வந்துட்டேன் ஆத்தா, அதான்" என்கிறான். ராத்திரியில் ரோடு காலியாக இருக்கும், அதுதான் பத்திரம் என்றும் சொல்கிறான். வரும் தை மாதம் அவன் அப்பச்சிக்கு, அதாவது என் வீட்டுக்காரருக்கு, எழுபதாம் வயது சாந்தி. காலை 6 மணிக்கு மேல் முகூர்த்தம். முதல் நாள் ஆபீசை முடித்துக்கொண்டு ராத்திரியே கிளம்பி வருவதாகச் சொல்கிறான். மகமிண்டியும் (மருமகள்) பேரப்பிள்ளைகள் இருவரும் கூட வருவார்கள். சின்னவனுக்கு ஒன்றரை வயது, அவள் மடியில்தான் வருவான். டிரைவர் போட்டுக்கொள்ளச் சொன்னால் கோபம் வருகிறது. எப்படிச் சொன்னால் கேட்பான்?

பதில்:

ஆச்சி, "ஒரு நொடி கண் அசந்து" என்று எழுதியிருக்கிறீர்கள். தம்பி உங்களிடம் அப்படித்தான் சொல்லியிருப்பார். ஆனால் தூங்கினவருக்குத் தான் எவ்வளவு நேரம் தூங்கினோம் என்று தெரியாது. மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி நொடிக்கு 25 மீட்டர் ஓடும். நாலு நொடி கண் மூடினால் 100 மீட்டர். முகப்பு ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலுமாக நீண்டு கிடக்கிற உங்கள் ஊர் வீடுகளில் இரண்டை ஒட்டி வைத்தால் வருகிற தூரம். அவ்வளவு தூரமும் அந்தக் காரை யாரும் ஓட்டவில்லை.

நான் 31 வருடம் மோட்டார் வாகன ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். ஜனங்கள் வாயில் பிரேக் இன்ஸ்பெக்டர். லைசென்ஸுக்கு எட்டுப் போட வைக்கிற ஆள் என்றுதான் பலருக்கு எங்களைத் தெரியும். இன்னொரு வேலையும் உண்டு. விபத்து நடந்தால் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், அங்கே வேப்பமரத்தடியில் இழுத்துப் போட்டிருக்கிற வண்டியைச் சோதித்து அறிக்கை தர வேண்டும். பிரேக் பிடிக்கிறதா, ஸ்டியரிங் திரும்புகிறதா, டயரில் பட்டன் இருக்கிறதா, விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டுக் கடைசியில் ஒரு வரி எழுதுவோம். "விபத்து இயந்திரக் கோளாறால் ஏற்பட்டதல்ல." என் அறிக்கைகளில் பெரும்பாலானவை அந்த வரியில்தான் முடிந்தன. பின்னே எதனால் ஏற்பட்டது? அதை எழுத என் படிவத்தில் இடம் கிடையாது.

மேலிடத்துக் கணக்கிலும் கிடையாது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் ஆண்டுதோறும் விபத்துப் புள்ளிவிவரம் வெளியிடுகிறது. 2022ல் நாடு முழுக்க 1,68,491 பேர் ரோட்டில் இறந்தார்கள். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். விபத்துகளின் எண்ணிக்கையில் 64,105 என்று அந்த வருடம் நாம்தான் முதலிடம். காரணங்களைப் பிரித்துப் போட்ட அட்டவணையில் அதிவேகம், எதிர்த்திசை, குடி, சிக்னல் மீறல், செல்போன், அப்புறம் "மற்றவை" என்று இருக்கும். தூக்கத்துக்கு ஒரு வரி இல்லை. நூற்றுக்கு எழுபதுக்கு மேல் அதிவேகத்தில் போய் விழுகிறது. அதில் எத்தனை பேர் தூங்கிக்கொண்டே வேகமாகப் போனார்கள் என்பதை இனி யாரும் பிரித்தெடுக்க முடியாது.

ஆனால் ரோடு காட்டிக்கொடுத்துவிடும். விழித்திருக்கிறவன் கடைசி நேரத்திலாவது பிரேக்கை மிதிப்பான், ஸ்டியரிங்கை ஒடிப்பான். ரோட்டில் கறுப்பாக டயர் தேய்ந்த தடம் விழும். (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கிற ஏ.பி.எஸ். பிரேக் வந்த கார்களில் தடம் அவ்வளவு தெரியாது, இருந்தாலும் விலகப் பார்த்த அடையாளம் இருக்கும்.) தூங்கினவன் மோதிய இடத்தில் ஒன்றும் இருக்காது. கோடு போட்ட மாதிரி நேராகப் போயிருப்பான். ஒரு காரைப் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. நின்றுகொண்டிருந்த டாரஸ் லாரியின் பின்னால் சொருகிப்போன கார். கியர் டாப்பில் அப்படியே கிடந்தது. பின் சீட்டில் எவர்சில்வர் தூக்கு ஒன்று மூடி தெறித்து, சீப்புச் சீடை சீட் முழுக்கச் சிதறியிருந்தது. நாலு டயரும் புத்தம் புதுசு. பிரேக் நன்றாகப் பிடித்தது. வழக்கமான வரியை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

ஊருக்கு உபதேசம் செய்கிற நானும் சுத்தமானவன் இல்லை. தொண்ணூறுகளில் ஒரு தடவை சென்னையில் கூட்டம் முடிந்து ராத்திரியோடு ராத்திரியாக என் மாருதியில் திரும்பினேன். திடீரென்று வண்டிக்கு அடியில் கப்பிக்கல் பொரிகிற சத்தம். கண்ணைத் திறந்தால் கண்ணாடிக்கு நேரே கறுப்பு வெள்ளைப் பட்டை அடித்த புளியமரம். எப்படியோ ஒடித்து நிறுத்திவிட்டேன். இறங்கி நின்று யோசித்தபோது பயந்தது மரத்துக்கு அல்ல. திருமயம் கோட்டையைத் தாண்டிவிட்டேனா, இல்லையா என்றே எனக்குத் தெரியவில்லை. ரோட்டை ஒட்டி நிற்கிற அவ்வளவு பெரிய கோட்டை! இருபது நிமிடமாக நான் பாதி ஆளாகத்தான் ஓட்டி வந்திருக்கிறேன். தம்பியிடம் இதைச் சொல்லுங்கள். கடைசியாகத் தாண்டிய ஊர் எது என்று தன்னையே கேட்டு, சட்டென்று பதில் வராவிட்டால், அப்போதே ஓரம் கட்ட வேண்டும். கொட்டாவி, ரோட்டுக் கோடு தாண்டி வண்டி விலகுவது, எதிரில் வருகிற விளக்கு இரண்டாகத் தெரிவது எல்லாம் அதற்கு அப்புறம் வருகிறவை.

இனி அவருடைய கணக்கைப் போடுவோம். வெள்ளிக்கிழமை காலை ஆறரைக்கு எழுந்திருக்கிறார் என்று வையுங்கள். ராத்திரி பத்துக்குக் கிளம்பினால் பதினொன்றரைக்கு மேல்மருவத்தூர் பக்கம். எழுந்து 17 மணி நேரம் ஆகிவிட்டது. 1997ல் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். 17 மணி நேரம் விழித்திருந்த ஆளின் கையும் கண்ணும் 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் சாராயச் சத்து ஏறினவனைப் போல்தான் வேலை செய்தன. நம் நாட்டில் 30 மில்லிகிராம் தாண்டினாலே குடித்து ஓட்டிய குற்றம். குடிக்காத உங்கள் பிள்ளை, பயணத்தின் கால்வாசிகூட முடியாத நிலையில், அந்த வரம்பைத் தாண்டின ஆளைப் போலத்தான் ஓட்டுகிறார். ஊதச் சொல்லிப் பிடிக்க இதற்கு மிஷின் இல்லை, அதுதான் வித்தியாசம்.

அவர் திருச்சி வரும்போது மூன்றரை மணி. எழுந்து 21 மணி நேரம். ராத்திரி இரண்டிலிருந்து ஆறு வரை உடம்பு தானாகவே அடங்குகிற நேரம். வாட்ச்மேன், நர்ஸ், பால்வண்டி டிரைவர் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இந்த நேரத்தில்தான் நாலு வழிச் சாலையை விட்டுப் புதுக்கோட்டை ரோட்டில் இறங்குகிறார். பழைய தேசிய நெடுஞ்சாலை 210. அதுவரை நடுவில் தடுப்பு இருந்தது, தூங்கினாலும் எதிர் வண்டி இந்தப் பக்கம் வராது. இங்கே பல இடத்தில் நடுவில் இருப்பது வெள்ளைக் கோடு மட்டும். ஓரத்தில் விளக்கில்லாத டிராக்டர், விடியலுக்கு முன்னே கிளம்பிய சைக்கிள், தை மாதமானால் பனி. இத்தனைக்கும் மேலே "வந்தாச்சு, இன்னும் ஒரு மணி நேரந்தான்" என்ற நினைப்பு. அந்த நினைப்பு வந்ததும் உடம்பு தளர்ந்துவிடும். கீரனூரில் கண் அசந்தது தற்செயல் இல்லை, ஆச்சி. அசரவேண்டிய இடத்தில்தான் அசந்திருக்கிறது.

டீ விஷயம். டீயோ காபியோ குடித்ததும் வேலை செய்யாது, இருபது முப்பது நிமிடமாகும். சமயபுரத்தில் டீ குடித்துவிட்டு உடனே வண்டியை எடுக்கிறவர் அந்த அரை மணியைத் தூக்கத்தோடுதான் ஓட்டுகிறார். குடித்துவிட்டு, கதவைப் பூட்டி, சீட்டைச் சாய்த்து இருபது நிமிடம் தூங்கினால் எழும்போது இரண்டும் சேர்ந்து கை கொடுக்கும். அதுவும் ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்துக்குத்தான். கண்ணாடியை இறக்குவது, பாட்டை அலற விடுவது, முகத்தில் தண்ணீர் அடிப்பது எல்லாம் சும்மா. சளிக்கும் தும்மலுக்கும் போடுகிற மாத்திரைகளில் பல தூக்கத்தைக் கொடுக்கும், கிளம்புகிற நாளில் அதைப் போடக் கூடாது. அவர் பலமாகக் குறட்டை விடுகிறாரா, பகலிலும் தூங்கி வழிகிறாரா என்று மகமிண்டியிடம் கேட்டுப் பாருங்கள். ஆமென்றால் அது டாக்டர் பார்க்க வேண்டிய நோய்.

ராத்திரி ரோடு காலி, அதனால் பத்திரம் என்கிற வாதத்தில் அவர் உங்களைத் தோற்கடித்துவிடுவார். சாயங்காலம் ஆறிலிருந்து ஒன்பது வரைதான் அதிக விபத்து, ஐந்தில் ஒரு பங்கு, என்று அரசுக் கணக்கையே எடுத்துக் காட்டலாம். உண்மைதான். ஆனால் ஆறு மணிக்கு ரோட்டில் இருக்கிற வண்டி எத்தனை, மூன்று மணிக்கு இருக்கிறது எத்தனை? காலி ரோடுதான் தூங்க வைக்கிற ரோடு. நெரிசலில் யாரும் தூங்குவதில்லை, திட்டிக்கொண்டேதான் ஓட்டுகிறார்கள்.

இப்போது உங்கள் பக்கம் வருகிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. "எப்படிச் சொன்னால் கேட்பான்" என்கிறீர்கள். அவர் ஏற்கெனவே கேட்கிற பிள்ளைதான். ஐந்து மணிக்கு ஆத்தா வாசல் தெளித்துவிட்டு நிற்பாள், டிகாஷன் இறங்கியிருக்கும், இட்லிப் பானை ஏறியிருக்கும் என்று தெரிந்துதான் ஓரங்கட்டாமல் வருகிறார். நடுவில் மூன்று மணிக்கு ஒரு போன், "எங்கப்பா வர்றே?" ஒவ்வொரு போனும் ஆக்சிலேட்டரில் ஒரு மிதி. அந்தப் போனை நிறுத்துங்கள். நிற்கிற இடத்தில் மகமிண்டி ஒரு வரி மெசேஜ் போடட்டும், போதும். "விடியறதுக்குள்ள வந்துரு" என்று சொல்லிப் பழகின வாயால் "தூங்கி எழுந்து மத்தியானச் சாப்பாட்டுக்கு வா" என்று சொல்லிப் பாருங்கள். லாரி டிரைவருக்காவது 1961லேயே மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வந்தது. நாளைக்கு எட்டு மணி நேர வேலை, ஐந்து மணி நேரம் ஓட்டினால் அரை மணி ஓய்வு என்று அதில் இருந்தது. நடைமுறையில் என்ன நடக்கிறது என்பது வேறு கதை. ஆபீசில் ஒன்பது மணி நேரம் உட்கார்ந்துவிட்டு ஏழு மணி நேரம் கார் ஓட்டுகிறவருக்குச் சட்டம் ஒன்றும் இல்லை. அவர் வரும் நேரத்தைக் கணக்குப் பார்க்கிற ஒரே ஆள் நீங்கள்தான்.

சாந்திக்கு வருகிற வழியைச் சொல்கிறேன். முதல் யோசனை ரயில். ராமேஸ்வரம் போகிற ராத்திரி வண்டிகள் காரைக்குடி வழியாகத்தான் வருகின்றன. பல்லவனில் ஏறினால் மதியத்துக்கு மேல் எழும்பூரில் கிளம்பி ராத்திரி காரைக்குடியில் இறங்கலாம். முன்பதிவு 60 நாளைக்கு முன்னால் திறக்கும், தை மாதம் சீக்கிரம் தீர்ந்துவிடும், தேதி குறித்திருக்கிறது அல்லவா, எண்ணிப் பார்த்து அன்றைக்கே போடச் சொல்லுங்கள். கார்தான் என்றால் சாந்திக்கு முந்தின நாள் லீவு போட வேண்டும். அதற்கு முதல் நாள் ராத்திரி சென்னையில் முழுசாகத் தூங்கிவிட்டு விடிய எடுத்தால் மதியம் வீட்டில் இருப்பார். அப்பச்சியின் சாந்திக்கு ஒரு நாள் லீவு தராத கம்பெனி இருந்தால் எனக்கு எழுதுங்கள். அதுவும் முடியாதென்றால் சாயங்காலம் ஆறுக்கே கிளம்பி, திருச்சியில் ஓட்டல் அறை எடுத்துத் தூங்கி எழுந்து வரலாம். ஆனால் மறுநாளே ஆறு மணி முகூர்த்தம் என்றால் அந்தக் கணக்கு இடிக்கும், நாலு மணிக்கு மறுபடி எழுந்து ஓட வேண்டி வரும். ஆகவே முதல் இரண்டில் ஒன்று.

ஆக்டிங் டிரைவர் போடுவதில் தப்பில்லை, அவர் கோபம் வீண். ஆனால் ஒரு கேள்வி கேட்டுவிட்டுத்தான் சாவியைக் கொடுக்க வேண்டும். "நேத்து ராத்திரி எங்கண்ணே ஓட்டுனீங்க?" பகலெல்லாம் ஏர்போர்ட் டிரிப் அடித்துவிட்டு ராத்திரி உங்கள் காரில் ஏறுகிற டிரைவருக்கும் உங்கள் பிள்ளைக்கும் வித்தியாசம் சம்பளம் மட்டும்தான்.

மடியில் பிள்ளை விஷயத்துக்கு விட்டுக்கொடுக்கவே மாட்டேன். 50 கிலோமீட்டர் வேகத்தில் மோதினால்கூடப் பத்துக் கிலோ குழந்தை அந்தக் கணத்தில் இருபது முப்பது மடங்கு கனக்கும். இருநூறு, முந்நூறு கிலோ. 25 கிலோ அரிசிச் சிப்பம் பத்தை ஒரு தாய் கையால் தாங்க முடியுமா? குழந்தை கையை விட்டுப் பறந்துவிடும். பாசத்துக்கும் கைப்பிடிக்கும் சம்பந்தமில்லை. அதற்கென்று குழந்தை சீட் விற்கிறது, பின் சீட்டில் வைத்துக் கட்டி, சின்னவனை அதில் உட்கார வைத்துத்தான் வர வேண்டும். பெரியவனுக்கும் அவன் உயரத்துக்கு ஏற்ற ஏற்பாடு வேண்டும். 14 வயதுக்குக் கீழே பிள்ளையைப் பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாமல் கூட்டிப் போனால் 2019ல் திருத்திய சட்டப்படி 1,000 ரூபாய் அபராதமும் உண்டு. முதலில் சின்னவன் அழுவான். இரண்டு பயணத்தில் பழகிவிடும். சாந்திக்கு நகை எடுப்பதற்கு முன்னால் இந்தச் சீட்டை எடுங்கள், அப்பத்தா வாங்கித் தந்தது என்றால் யாரும் மூலையில் போட மாட்டார்கள்.

பின் சீட்டில் இருக்கிறவர்களுக்கும் பெல்ட் உண்டு என்பதை நம் ஊரில் யாரும் நம்புவதே இல்லை. டாடா குழுமத்தின் தலைவராக இருந்த சைரஸ் மிஸ்திரி 2022 செப்டம்பரில் இறந்தது விலை உயர்ந்த காரின் பின் சீட்டில் உட்கார்ந்திருந்தபோது. பெல்ட் போட்டிருக்கவில்லை என்றது போலீஸ். சில பேர் பெல்ட் மாட்டாததற்குக் கார் கத்தாமல் இருக்கக் கடையில் ஒரு வெறும் கொக்கி வாங்கிச் சொருகி வைக்கிறார்கள். தம்பி காரில் அது இருக்கிறதா பாருங்கள். இருந்தால் பிடுங்கிக் கிணற்றில் போடுங்கள்.

திரும்பிப் போகிற பயணத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. விசேஷம் முடிந்து, பந்தியில் உட்கார்ந்து, மூன்று மணிக்கு "நாளைக்கு ஆபீஸ்" என்று எழுந்து ஓடுவார்கள். ராத்திரிக்கு அடுத்து உடம்பு அசருகிற நேரம் மதியம் இரண்டிலிருந்து நாலு. வயிறு நிறைய உங்கள் கைச் சாப்பாடு வேறு. முதல் நாள் ராத்திரி உறவுக்காரர்களோடு வளவில் உட்கார்ந்து விடிய விடியச் சீட்டாட்டம். அன்றைக்கு அவரை விடாதீர்கள், மறுநாள் காலையில் அனுப்புங்கள். கொடுத்தனுப்புகிற பித்தளை அண்டா, அரிசி மூட்டை, ஊறுகாய் ஜாடி எதுவும் பின் கண்ணாடி ஓரப் பலகையில் இருக்கக் கூடாது. பிரேக் போட்டால் அவை முன்னால் இருக்கிற தலைகளைத் தேடி வரும். எல்லாம் டிக்கியில், கனமானது அடியில். பாரம் ஏற்றினால் டயருக்குக் காற்றும் கூட்ட வேண்டும், எவ்வளவு என்று டிரைவர் கதவு ஓரத்தில் ஒட்டியிருக்கும்.

வழியில் வண்டி நின்றுபோனால் தேசிய நெடுஞ்சாலையில் 1033, அடிபட்டால் 108. தமிழ்நாட்டு எல்லைக்குள் யார் அடிபட்டாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசு பணம் கட்டுகிற "நம்மைக் காக்கும் 48" திட்டம் 2021 டிசம்பரில் அந்த மேல்மருவத்தூரில்தான் தொடங்கியது. இந்த நம்பர்கள் மகமிண்டி போனில் இருக்கட்டும்.

கடைசியாக ஒன்று, இது உங்கள் மகனுக்கு இல்லை, உங்களுக்கு. சாந்திக்கு வெளியூரிலிருந்து இருபது முப்பது காராவது வரும். பாதிக் காரில் டிரைவர் இருப்பார். விருந்தாளிகளுக்கு மாடியில் மெத்தை போட்டுவிட்டு, டிரைவரை "அப்பிடிப் படுத்துக்கப்பா" என்று முகப்புத் திண்ணையில் விட்டுவிடுவது நம் வழக்கம். அங்கே கொசு, பந்தல்காரர் நடமாட்டம், நாலு மணிக்கே நாதஸ்வரக்காரர் வந்து சீவாளி ஊதிப் பார்ப்பார். அந்த மனிதர்தான் மறுநாள் உங்கள் சம்பந்தி வீட்டுக்காரர்களை நானூறு கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு போகப் போகிறார். இரண்டாங்கட்டில் பூட்டிக் கிடக்கிற அறைகளில் ஒன்றைத் திறந்து, கூட்டி, ஃபேன் ஓடுகிறதா பார்த்து, நாலு பாய் போட்டு வையுங்கள்.